கோவைக் கரும்பின் மரபியல்

கோவைக் கரும்பு என்பது கோயம்புத்தூரில் 1912 முதல் உருவாக்கப்பட்டுவரும் கலப்பினக் கரும்பு இரகங்களைக் குறிக்கும். இரகங்களின் பெயரிலுள்ள ‘கோ’ என்ற எழுத்து கோயம்புத்தூரைச் சுட்டுகிறது. பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளிடம் எவ்வாறு சேர்கின்றன, ஏன் மாறுகின்றன என்று ஆராயும் மரபியலின் அடிப்படைகளுக்கு இந்த இரகங்களின் வரலாறு சிறந்த சான்றாகும்.

கரணையும் விதையும்

உழவர்கள் கரும்பைக் கரணை (தண்டுத் துண்டு) வைத்தே பயிரிடுகின்றனர். கணுவிலுள்ள பருவிலிருந்து எழும் பயிரின் மரபணுக்கள் தாய்க்கரும்பின் மரபணுக்களே. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பும் அப்படித்தான். அதனால் ஒரே இரகம் நட்ட வயல் முழுவதும், மரபளவில், ஒரே செடியின் தொடர்ச்சி.

பூவில் உண்டாகும் விதையின் நிலை வேறு. பாலணுக்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் பிரிகின்றன. மகரந்தச் சேர்க்கைக்குப் பின் தாய்வழிப் பாதியும் தந்தைவழிப் பாதியும் புதிதாக இணைகின்றன. ஒரே பூங்கொத்தின் விதைகளில் முளைக்கும் நாற்றுகள் உயரத்திலும் பருமனிலும் இனிப்பிலும் ஒன்றுக்கொன்று வேறுபடுவது இதனால்தான். புதிய இரகம் விதையில் பிறக்கிறது, கரணையால் நிலைபெறுகிறது.

மெண்டலின் விதிகள்

பட்டாணிச் செடியில் ஏழு பண்புகளை ஆராய்ந்த கிரிகோர் மெண்டல், 1866இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒவ்வொரு பண்புக்கும் இரு காரணிகள் உள்ளன. பாலணு உருவாகும்போது அவை தனித்தனியே பிரிகின்றன என்பது அவர் கண்டது. இக்காரணிகளே பின்னர் மரபணுக்கள் எனப்பட்டன. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் உருண்டை விதை மட்டுமே தோன்றியது. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன, ஏறத்தாழ 3:1. முதல் தலைமுறையில் தோன்றாத சுருங்கிய வடிவம், அதாவது ஒடுங்குபண்பு, மறைந்திருந்ததேயன்றி அழியவில்லை. கண்ணுக்குத் தெரியும் தோற்றமும் உள்ளே இருக்கும் மரபும் ஒன்றல்ல என்பதே இதன் பொருள்.

கரும்பில் இவ்வளவு எளிய விகிதங்களைக் காண்பது அரிது. அது பன்மடியத் தாவரம். ஒரு மரபணுவுக்கு எட்டு, பத்து, அதற்கும் மேற்பட்ட பிரதிகள் இருக்கலாம். சர்க்கரைச் சத்தும் விளைச்சலும் பல மரபணுக்கள் சேர்ந்து உருவாக்கும் பண்புகள். மண், நீர், பருவம் ஆகியவையும் அவற்றைக் கூட்டிக் குறைக்கின்றன. நல்ல விளைச்சல் மரபால் வந்ததா, நிலத்தால் வந்ததா என்று அறிய, ஒரே இரகத்தைப் பல இடங்களில் பல ஆண்டுகள் பயிரிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. ஆகவே நாற்றிலிருந்து இரகம் வெளிவரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது.

கோ 205

கரும்பு நன்கு பூத்து முளைக்கும் விதை தரக் கோவையின் தட்பவெப்பமும் பகல்நீளமும் துணைசெய்கின்றன. வட இந்தியச் சூழலில் இது எளிதன்று. எனவே 1912இல் இங்கு கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்தது. அதன் முதல் பொறுப்பாளர் சி. ஏ. பார்பர், அவருக்குப் பின் தி. சு. வெங்கட்ராமன் 1942 வரை பணியைத் தொடர்ந்தார்.

தடித்து இனிக்கும் ‘வெள்ளை’க் கரும்பைத் தாயாகவும், கோவைப் பகுதியில் தானாக வளரும் நாணல் வகைக் காட்டுக்கரும்பைத் தந்தையாகவும் கொண்டு உருவான கோ 205, 1918இல் வட இந்தியாவுக்காக வெளியிடப்பட்டது. காட்டுக்கரும்பில் இனிப்பு குறைவு. ஆனால் குளிரையும் வறட்சியையும் தாங்கும் திறனும், தூர் வெடிக்கும் வலிமையும் அதில் இருந்தன.

இக்கலப்பில் வியப்பான ஒரு விதிவிலக்கு உண்டு. வெள்ளைக் கரும்பின் குரோமோசோம்கள் 80, காட்டுக்கரும்பின் குரோமோசோம்கள் 64. வழக்கமான கணக்கில் பிள்ளைக்கு 40உம் 32உம் சேர்ந்து 72 வர வேண்டும். கோ 205இல் இருப்பதோ 112. தாய் தன் 80 குரோமோசோம்களையும் கொடுத்தது. தந்தை வழியில் பாதியே வந்தது. இனிப்பான பெற்றோரின் பங்கு இவ்வாறு மிகுந்தது. அடுத்தடுத்த கலப்புகளில் காட்டுக்கரும்பின் பங்கு மேலும் குறைந்தது. இன்றைய இரகங்களில் அது ஏறத்தாழ பத்து முதல் இருபது விழுக்காடு. அந்தச் சிறு பங்குதான் பயிருக்கு உறுதி தருகிறது.

1934 முதல் 1939 வரை கோவையில் பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்பையும் அதன் உறவுப் புற்களையும் குரோமோசோம் வழியே ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்த அரிய கலப்பினமும் அவர் உருவாக்கியது.

பிற்கால இரகங்கள்

ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878ஐயும் கோ 290ஐயும் கலந்து பெற்ற கோ 419, தென்னிந்தியாவில் நெடுங்காலம் பரவியிருந்தது. கோ 62198, கோசி 671 ஆகியவற்றின் வழிவந்த கோ 86032 இன்றும் தமிழ்நாட்டு உழவர்கள் விரும்பும் இரகம். அதன் எண்ணின் முதல் இரு இலக்கங்கள் 1986ஐக் குறிக்கின்றன.

மரபு வேறுபாட்டின் தேவை

2009இல் வெளியான கோ 0238, உத்தரப் பிரதேசத்தின் பெரும்பான்மைக் கரும்புப் பரப்பை நிறைத்தது. விளைச்சலும் சர்க்கரையும் உயர்ந்தன. பின்னர் செவ்வழுகல் நோய் தாக்கியபோது, பரந்த நிலம் முழுவதும் ஒரே மரபுடைய பயிராக இருந்ததால் இழப்பும் பரவலாயிற்று. கரணை தரும் சீர்மை உழவருக்கு நன்மை; அச்சீர்மையே நோய்க்கும் வழிவிடக்கூடும்.

இதற்கான மாற்று, வேறுபட்ட மரபணுக்களில்தான் உள்ளது. கோவை நிலையத்தின் கண்ணூர் மையம், உலகின் பெரிய கரும்பு மரபுவளத் தொகுப்புகளுள் ஒன்றைக் காத்துவருகிறது. இன்று பயனற்றதாகத் தோன்றும் ஒரு காட்டுக்கரும்பு, நாளைய நோயை எதிர்க்கும் மரபணுவைக் கொண்டிருக்கலாம். கோ 205 பிறந்தது அத்தகைய ஒரு புல்லின் துணையால்தான். ஆகவே புதிய இரகங்களை உருவாக்கும் பணியும் பழைய இரகங்களையும் காட்டு உறவுகளையும் காக்கும் பணியும் பிரிக்க முடியாதவை.