ஜார்ஜ் டவுன் தெருப்பெயர்களும் தமிழர்தம் அன்றாட வாழ்வும்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் கடற்கரைத் தெருவில் நிற்போருக்குக் கடல் தென்படாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய தூர்ப்புப் பணியால் வெல்ட் கீ உருவாகவே, கரை கிழக்கே தள்ளிப்போயிற்று. ஆயினும் கடற்கரையைக் குறிக்கும் 'பந்தாய்' என்னும் மலாய்ச்சொல் அத்தெருப் பெயரில் இன்றும் நிலைத்துள்ளது. இவ்வாறு, மறைந்தவற்றைப் பெயர்களும் அன்றாட வழக்குகளும் காத்துவரும் தன்மையை இக்கட்டுரை தமிழர் வாழ்வோடு பொருத்தி நோக்குகிறது.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் பிரித்தானியக் கொடியை ஏற்றியதை நகரின் தொடக்கமாகக் கொள்வது மரபு. ஆனால் 1794இல் அவரே எழுதிய அறிக்கை மற்றொரு செய்தியையும் தருகிறது. சோழமண்டலக் கரையைச் சார்ந்த சூலியர் ஏறத்தாழ 1,000 பேர் கடைக்காரராகவும் கூலியாட்களாகவும் இங்குக் குடியேறியிருந்தனர். அவருள் பெரும்பாலோர் நெடுங்காலம் கெடாவில் வாழ்ந்தவர். ஆண்டுதோறும் மேலும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலேறி வந்து, சிறிது பொருளீட்டித் திரும்பினர். எனவே இந்நகரத் தமிழரின் வரலாறு 1786க்கு முற்பட்ட கெடா வணிகத்தோடு பிணைந்தது என்பது தெளிவு.

தொடக்கத்தில் மலபார் தெரு எனப்பட்டதே பின்னர்ச் சூலியா தெருவாயிற்று. அதனருகே 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தொலைவில் குவீன் தெருவில் 1833இல் மாரியம்மன் கோயிலும் எழுந்தன. பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் நகரத்தார், வட்டித்தொழிலும் உறையுளும் ஒரே கூரையின்கீழ் அமைய வாழ்ந்தனர். தமிழ் முஸ்லிம்கள் தோள்தடியில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்கு விற்ற சோறும் குழம்புமே நாசி கண்டார் எனப் பெயர்பெற்றன. 'கண்டார்' என்பது அத்தடியைக் குறிப்பதாகும். தடி மறைந்தது; பெயர் நிலைத்தது.

2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், வாடகை உயர்வைத் தாங்க இயலாத குடும்பங்கள் பல பழைய கடைவீடுகளை விட்டு வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அதனால் கட்டடங்களுக்குக் காப்புக் கிடைத்தது, வெளியேறியோர் திரும்பினாரல்லர். அவர்தம் நினைவில் வாழும் தெருவழக்குகள் ஏட்டில் ஏறாதவை. அவற்றை முதியோர்வாய்க் கேட்டு மாணவரைக் கொண்டு தொகுப்பது தமிழாசிரியர் இன்றே மேற்கொள்ளத்தக்க பணியாகும். தவறின், கடலற்ற கடற்கரைத் தெருவைப்போல, சூலியரற்ற சூலியா தெருவே எஞ்சும்.