கேஸ் ஏறுது, சாவு குறையுது: 1918, 1957, 2022 சொல்லும் கணக்கு

1/ 2022 ஜனவரி. செம்பரம்பாக்கத்துல டீக்கடை பெஞ்சுல ஒரு பெரியவர் கேட்டார்: "டாக்டர் தம்பி, கேஸ் முப்பதாயிரம்ங்கிறாங்க. சாவு போன வருஷம் மாதிரி இல்லையே. ரெண்டுல ஒண்ணு பொய்தானே?"
இன்னைக்கும் ஓபியில இதே கேள்வி வருது. ரெண்டுமே உண்மையா இருக்க முடியும். எப்படின்னு வரலாற்றோட சொல்றேன். இழை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ முதல்ல நம்ம எண்கள். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று, அன்று அறிவிக்கப்பட்ட இறப்பு 467. 2022 ஜனவரி நான்காவது வாரத்தில் தினசரி தொற்று மறுபடியும் 30 ஆயிரத்தைத் தாண்டியது. ஆனா இறப்பு நாளுக்கு ஐம்பது வாக்கில்தான்.
எட்டு மாசத்துல என்ன மாறுச்சு?

3/ அதுக்கு முன்னாடி 1918-க்குப் போவோம். அன்றைய இந்தியாவில் இன்ஃப்ளூயன்சாவுக்கு 1.2 கோடி முதல் 2 கோடி பேர் வரை இறந்திருக்கலாம்னு பிற்கால மதிப்பீடுகள் சொல்லுது. "எத்தனை பேருக்குத் தொற்று?"ன்னு கேட்டா பதில் கிடையாது. சோதனையே இல்லை. இன்ஃப்ளூயன்சா வைரஸை மனிதரிடமிருந்து பிரிச்செடுத்ததே 1933-லதான்.

4/ இறப்பாவது சரியா பதிவாச்சா? காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல்னு சில கட்டங்கள்தான் பதிவேட்டில். கிராமத்துல எழுதுறவர் மருத்துவர் கிடையாது. ஃப்ளூவில் போன உயிர்களில் பெரும்பகுதி "காய்ச்சல்" கட்டத்துக்குள்ளேயே அடங்கிப் போச்சு. அதனாலதான் அன்றைய அதிகாரிகள் சொன்ன 60 லட்சம் பிறகு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆனது.

5/ இப்போ 1957. இது நம்ம சென்னைக் கதை. மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல்ல காய்ச்சல் நோயாளிகள் இருந்தாங்க. "ஏசியன் ஃப்ளூ" இந்தியாவுக்குள்ள நுழைஞ்ச வாசல் நம்ம துறைமுகம். வைரஸை ஆராய்ந்தது குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் இன்ஃப்ளூயன்சா மையம்.

6/ அந்த மையத்தின் ஐ.ஜி.கே. மேனன் உலக சுகாதார நிறுவன இதழில் எழுதிய கணக்கு: 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை நாடு முழுக்க 44,51,785 பேருக்கு நோய். இறப்பு 1,098. ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒருவர்.
1918-ல் கோடிக்கணக்கில் சாவு. 1957-ல் பதிவானது ஆயிரத்துச் சொச்சம்.

7/ காரணங்கள் கலந்து கிடக்கு. வைரஸ் வேற. 1918-ல் பலரைக் கொன்றது ஃப்ளூவுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா. 1957-ல் அதுக்குப் பென்சிலின் வந்துடுச்சு. மூணாவது, கவனிங்க: நோயைத் தேடி எண்ண ஆரம்பிச்சாங்க. லேசான காய்ச்சலும் கணக்குல ஏறுச்சு. ஆனா கிராமத்து இறப்புகள் இன்னமும் பழைய கட்டத்துலயே. அதனால அந்த 1,098-ஐயும் முழு எண்ணா எடுத்துக்காதீங்க.

8/ கொரோனாவிலும் இதேதான்.
முதல் காரணம், காலதாமதம். ஏரிக்கரைக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். மழை பெய்யுற நிமிஷமே ஏரி நிரம்பாது, தண்ணி வந்து சேர நேரமாகும். இன்னைக்குத் தொற்றினவர் ஆபத்தான நிலைக்குப் போனா, அது ரெண்டு மூணு வாரம் கழிச்சு. அலையோட ஆரம்பத்துல கேஸ் ஏறி சாவு குறைஞ்சா, அது நிம்மதி இல்லை. காத்திருப்பு.

9/ ரெண்டாவது, யாரைச் சோதிக்கிறோம். 2009 பன்றிக்காய்ச்சல்ல மெக்சிகோவிலிருந்து வந்த முதல் எண்கள் பயங்கரமா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்த மோசமான நோயாளிகளை மட்டும் எண்ணினா அப்படித்தான் தெரியும். லேசானவங்களையும் சேர்த்தா விகிதம் இறங்கும். வைரஸ் சாதுவாகலை, வகுக்கும் எண்தான் பெருசாச்சு.

10/ மூணாவது, சிகிச்சை. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, விலை மலிவான டெக்ஸாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருப்பவர்களிடம் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும்னு காட்டுச்சு. ஆனா 2021 மே-யில் அந்த மருந்து கையில இருந்தும் சாவு ஏறுச்சே? ஆக்சிஜன் படுக்கை நிரம்பிட்டா மருந்து மட்டும் போதாது.

11/ நாலாவது, எதிர்ப்பு சக்தி. 2021 செப்டம்பர் 12-ல் மெகா தடுப்பூசி முகாம்கள் தொடங்கின. 2022 ஜனவரிக்குள் பெரும்பாலான பெரியவங்க ஒரு டோஸாவது போட்டிருந்தாங்க. பலருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்துச்சு. ஒமிக்ரான் நுரையீரலை டெல்டா அளவுக்குத் தாக்கலை. டீக்கடைப் பெரியவருக்கு நான் சொன்ன பதில் முக்கியமா இதுதான்.

12/ அஞ்சாவது காரணம்தான் எனக்குச் சொல்லக் கஷ்டம். சாவு குறையாமலே குறைஞ்ச மாதிரி தெரியலாம். 2020 ஜூலை 22 அன்று, முன்பு விட்டுப்போன 444 இறப்புகளை அரசே கணக்கில் சேர்த்துச்சு. தணிக்கைக் குழு பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததால அது வெளியே வந்துச்சு.

13/ என் பங்கும் இருக்கு. 2021 மே-யில் ஒரு ராத்திரி டியூட்டி. ஸ்கேன்ல நுரையீரல் முழுக்க பாதிப்பு, ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ். விடியுறதுக்குள்ள அவர் போயிட்டார். இறப்புக் காரணத்துல நான் எழுதினது "இதய-சுவாச நிறுத்தம்". எல்லா மரணமும் அதுலதான் முடியுது, அது காரணமே இல்லைன்னு படிச்சவன் நான். அடுத்த பெட்ல ஆக்சிஜன் இறங்கிட்டிருந்துச்சு, எழுதிட்டு ஓடினேன்.

14/ அந்த வருஷக் கடைசியில அவர் மனைவி வந்தாங்க. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 50,000 ரூபாய் நிவாரணம் அறிவிச்சிருந்த நேரம். "தம்பி, இதுல கொரோனான்னு இல்லையாமே?" ரெண்டு வார்த்தையில நான் அவரைக் கணக்குக்கு வெளியே தள்ளியிருந்தேன். கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்து, ஸ்கேன் விவரத்தோட கடிதம் எழுதிக் கொடுத்து, மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். மனு ஏற்கப்பட பல மாசம் ஆச்சு. அத்தனை மாசமும் அவங்கதான் அலைஞ்சாங்க.

15/ அதனால அடுத்த முறை "கேஸ் ஏறுது, சாவு குறையுது"ன்னு செய்தி வந்தா நாலு கேள்வி கேளுங்க. எத்தனை பேரைச் சோதிச்சாங்க? எந்த வயசுக்காரங்களுக்கு வருது? ஆக்சிஜன் படுக்கை எவ்வளவு நிரம்பியிருக்கு? மூணு வாரம் கழிச்சு இறப்பு எண் என்ன?
இன்னொண்ணு: 1918-லும் முதல் அலை லேசாத்தான் வந்து போச்சு. கொன்றது ரெண்டாவது.

16/ வீட்ல யாராவது இறந்தா, சான்றிதழ்ல காரணம் என்னன்னு கேட்டுப் படிச்சுப் பாருங்க. அது உங்க உரிமை. டாக்டர் அவசரத்துல எழுதியிருந்தா திருத்தச் சொல்லுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.
வீட்டுப் பெரியவங்களுக்கு ஏதாவது தடுப்பூசி பாக்கி இருந்தா இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.