பதினாலு காரட்

தி. நகர் உஸ்மான் சாலையில் எந்த நகைக்கடைக்குள் போய் "ஆன்டிக் மோதிரம் இருக்கா?" என்று கேட்டாலும், இருக்கிறது என்பார்கள். தட்டுத் தட்டாக எடுத்து வைப்பார்கள். லட்சுமி, மயில், மாங்காய், பச்சைக்கல், கெம்பு. பொன்னின் பளபளப்பை வேண்டுமென்றே மங்கவைத்து, பள்ளங்களில் கருப்பேற்றி, ஏதோ கோயில் நகை போலக் காட்டியிருப்பார்கள். அத்தனையும் போன மாதம் பட்டறையிலிருந்து வந்தவை. இன்றைய சென்னைத் தமிழில் 'ஆன்டிக்' என்றால் வயது இல்லை, பாலிஷ். நிஜமாகவே பழையதுதான் வேண்டும் என்று சொன்னால் விற்பவர் கொஞ்சம் குழம்பி, "பழைய நகைன்னா நாங்க எடுத்துப்போம் மேடம், விக்க மாட்டோம்" என்பார்.

அவர் சொல்வது சரிதான். பழைய நகை இங்கே விற்பதற்கான பொருள் இல்லை, உருக்குவதற்கான பொருள். "அழிச்சுப் பண்றது" என்று நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம்! என் கொள்ளுப்பாட்டியின் அட்டிகை பாட்டிக்கு வளையலாகி, அம்மாவுக்கு நெக்லஸாகி, அதிலிருந்து ஒரு பகுதி எனக்குக் கம்மலாகியிருக்கிறது. இடையில் செய்கூலி, சேதாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததைத் தவிர, பொன் அதே பொன். ஆனால் கொள்ளுப்பாட்டி போட்டுக்கொண்ட அட்டிகை எப்படி இருந்தது என்று கேட்டால் காட்ட ஒரு போட்டோகூட இல்லை. நாம் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவருவது எடையை, வடிவத்தை இல்லை.

எனக்கும் அவனுக்கும் வருகிற தை மாதம் நிச்சயதார்த்தம். எங்கள் வீடு கோபாலபுரத்தில். மோதிரம் புதுசு வேண்டாம், பழையதாக ஒன்று தேடலாம் என்று இரண்டு பேருமே நினைத்தோம். பட்ஜெட் பெரிதில்லை. கல்யாணம் முடிந்ததும் அவனுக்கு வேலை டப்ளினில். கூடவே நானும் போகிறேன். இவ்வளவுதான் எங்கள் நிபந்தனைகள். தேட ஆரம்பித்த பிறகுதான், தமிழ்நாட்டில் ஒரு பழைய மோதிரம் பிழைத்திருப்பதே எவ்வளவு அபூர்வம் என்று புரிந்தது.

அம்மாவுக்கு முதலில் மோதிரமே புரியவில்லை. "எங்க காலத்துல தட்டு மாத்திப்போம், லக்னப் பத்திரிகை படிப்பாங்க, வெத்தலை பாக்கு. மோதிரம் எங்கேர்ந்து வந்துது?" நியாயமான கேள்வி. விரலில் போடுவது என்றால் கல்யாணத்தன்று காலில் போடும் மெட்டிதான் இங்கே முக்கியம். வைர மோதிரம் கொடுத்து நிச்சயம் செய்ததற்கு ஐரோப்பாவில் வழக்கமாகச் சொல்லும் பழைய உதாரணம் 1477: ஆஸ்திரியாவின் மாக்ஸிமிலியன் பர்கண்டியின் மேரிக்குக் கொடுத்தது. வெகுகாலம் அது அரச குடும்பங்களோடும் பெரும் பணக்காரர்களோடும் நின்றது. 1867-இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்து, 1888-இல் டி பியர்ஸ் கம்பெனி உருவாகி, 1947-இல் அதன் விளம்பரத்துக்காக பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண் 'வைரம் என்றென்றைக்கும்' என்ற பொருளில் ஒரு வாசகம் எழுதிய பிறகுதான், வைர மோதிரம் இல்லாமல் நிச்சயமே இல்லை என்ற எண்ணம் நடுத்தர வர்க்கத்துக்குள் ஆழமாக இறங்கியது.

ஆனால் மோதிரம் வெளியூர் வழக்கமாகவே இருந்தாலும் வைரம் இந்த ஊர்ச் சரக்கு. எங்கள் பேட்டையை ஒட்டி ஓடும் லாயிட்ஸ் ரோடு, அதாவது இன்றைய அவ்வை சண்முகம் சாலையில் கடற்கரைப் பக்கமாக நடந்தால் ஒரு சின்ன யூதக் கல்லறைத் தோட்டம் வரும். தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்த பழைய கல்லறைகள் இடம் மாறி இடம் மாறிக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தன. ஹீப்ரு எழுத்துள்ள கற்கள் கொஞ்சம் மிச்சம். பதினேழாம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து இங்கே வந்து குடியேறிய யூத வணிகர்கள் பவழம் கொண்டுவந்தார்கள், வைரம் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு இன்னும் அந்தப் பெயரோடு இருக்கிறது. 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை ஐரோப்பிய விரல்களில் இருந்த வைரம் அனேகமாக எல்லாமே இந்திய வைரம்தான். கோல்கொண்டாச் சுரங்கங்களிலிருந்து வந்த கற்களில் கணிசமானவை புனித ஜார்ஜ் கோட்டை வழியாகக் கப்பல் ஏறின.

அப்படிப் போனதில் மிகப் பிரபலமான கல்லை வாங்கியவர் சென்னையின் கவர்னர் தாமஸ் பிட். 1702 வாக்கில் ஜாம்சந்த் என்ற வணிகரிடம் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத கல்லை 48,000 வராகனுக்கு வாங்கினார். லண்டனில் பட்டை தீட்டியபோது 140 காரட் சொச்சமானது. 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். இன்று அது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னைப் பிடித்துவைத்தது இந்தக் கணக்கு இல்லை. சுரங்கத்தில் வேலை செய்த அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்துக் காயத்துக்குள் அந்தக் கல்லை ஒளித்துக் கொண்டுவந்தான், ஒரு கப்பல் தலைவன் அவனைக் கொன்று பிடுங்கிக்கொண்டான் என்று ஒரு கதை அந்த வைரத்தோடு சேர்ந்தே வருகிறது. பிட் அதை நியாயமில்லாத வழியில் வாங்கினார் என்ற பேச்சும் லண்டனில் பரவியது. பொறுக்க முடியாமல் 1710-இல், ஊர் திரும்பும் வழியில், நார்வேயின் பெர்கன் நகரத்தில் உட்கார்ந்து, யாரிடம் என்ன பேரம் பேசி வாங்கினேன் என்று ஒரு வாக்குமூலம் எழுதிவைத்தார். கவர்னராக இருந்தவருக்கே அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியவில்லை: இது உன் கைக்கு எப்படி வந்தது?

நமக்கு இது புதிய கேள்வியும் இல்லை. சிலப்பதிகாரத்தின் திருப்பமே, ஊருக்குப் புதியவன் ஒருவன் பழைய நகையை விற்கப் போவதுதான். அந்தக் காப்பியம் மதுரை ரத்தினக் கடைத்தெருவைக் காட்டும்போது வைரத்தின் குற்றங்களைப் பட்டியல் போடுகிறது. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. கல்லின் குற்றம் பார்க்கத் தெரிந்த நகரத்துக்குச் சிலம்பின் உரிமை பார்க்கத் தெரியவில்லை. கடைசியில் அதை உடைத்து, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று காட்ட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டுதான் பழைய நகை வியாபாரி ஒருவரிடம் முதல் மோதிரத்தைப் பார்த்தோம். ஒற்றைக்கல் வைரம். பின்பக்கம் மூடிக் கட்டியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கல்லின் மேல்தளம் சின்னதாக, தோள் உயரமாக, நடுவே அடிமுனை ஒரு குட்டி வட்டமாகத் தெரிந்தது. இவை பழைய பட்டையின் அடையாளங்கள். மார்சல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் கணக்குப் போட்டுக் காட்டிய இன்றைய பட்டை மின்விளக்கில் தெறிக்கும். பழைய பட்டை விளக்கொளியில் மெதுவாகத் திரும்பும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. "பிரிட்டிஷ் பீரியட்மா, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றார். யாருடையது? "பெரிய குடும்பம்." எந்த ஊர்? "அதெல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா." பில்? சிரித்தார்.

அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, "நல்ல கல்லுதான். ப்ளூ ஜாகரா?" என்று கேட்டாள். மயிலாப்பூர் தொடங்கிச் செட்டிநாடு வரை வைரத்தோடு போடும் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு தனி. நம் மாமிகள் பரம்பரைச் சொத்தாகப் பேசும் ப்ளூ ஜாகர், தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபொன்டைன் என்ற சுரங்கத்தின் பெயர். 1971-இல் அதை மூடிவிட்டார்கள். கோல்கொண்டா வைரம் லண்டனுக்குப் போனது. ஆப்பிரிக்க வைரம் மயிலாப்பூருக்கு வந்து பரம்பரையானது. பிறகு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "எந்தப் பொண்ணு என்ன கஷ்டத்துல கழட்டிக் கொடுத்தாளோ. அதைப் போட்டுண்டு நீ ஆரம்பிக்கணுமா?"

இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சுலபம். ஆனால் இந்த ஊரில் நகை வீட்டை விட்டு வெளியேறுவது எப்போது? ஆஸ்பத்திரிச் செலவு, காலேஜ் ஃபீஸ், மூழ்கிப்போன அடகு. அம்மா ராசியைப் பற்றிப் பேசவில்லை. பிட்டிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

சட்டமும் குறுக்கே நின்றது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத கலைப்பொருளோ கைவினைப் பொருளோ தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. வியாபாரி சொன்ன வயது உண்மையானால் அந்த மோதிரம் டப்ளினுக்கு வர முடியாது. பொய்யானால் அந்த விலை கொடுக்கக் காரணமே இல்லை.

இரண்டாவது மோதிரம் கடையில் கிடைக்கவில்லை. தேடுகிறோம் என்று கேள்விப்பட்ட அவனுடைய பாட்டி பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது. கல் இல்லை, வேலைப்பாடு இல்லை. மெல்லிசான வளையம், மூன்று கிராம்கூட இராது. நிறம் ஒரு மாதிரி வெளிறி, பித்தளையோ என்று சந்தேகப்பட வைக்கும். உள்ளே தேய்ந்த எழுத்தில் 14.

அந்த 14-க்கு ஒரு வரலாறு இருக்கிறது. சீனப் போருக்குப் பிறகு, 1963 ஜனவரியில், அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது. நூற்றுக்கு 58 பங்குக்குச் சற்றுமேல்தான் பொன். மற்றது செம்பும் வெள்ளியும். நாடு முழுக்கப் பத்தர்கள் பட்டறையை மூடினார்கள். தற்கொலைகளும் நடந்தன. 1966-இல் 14 காரட் விதி போனது. 1968-இல் தனிச் சட்டமாக வந்த தங்கக் கட்டுப்பாடு 1990-இல்தான் முழுக்கப் போனது. இடைப்பட்ட அந்த மூன்று சொச்ச வருடத்தில் செய்த நகையை யாரும் மதிக்கவில்லை. அடகுக்கடையில் பாதி விலை. அழிச்சுப் பண்ணலாம் என்றால் பத்தர் முகம் சுளிப்பார். அதனாலேயே இது பிழைத்தது. நல்ல பொன்னாக இருந்திருந்தால் 1980 வாக்கில் ஏதோ ஒரு பேத்தியின் கம்மலில் கரைந்து போயிருக்கும்.

பாட்டியின் கல்யாணம் 1965, தஞ்சாவூர்ப் பக்கம், சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றி, மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அந்த வருடம் அது சட்டப்படி கல்யாணமே இல்லை. தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1953-இலேயே இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று சொல்லியிருந்தது. "எங்க அண்ணன் ரெண்டு வருஷம் எங்கூடப் பேசல. 'சட்டத்துக்கு நீ யாரு'ன்னு கேட்டாரு. நான் விரலக் காட்டுவேன்" என்றார் பாட்டி.

1967-இல் அண்ணா முதலமைச்சரானார். இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் அந்த ஆண்டே சட்டமன்றத்தில் நிறைவேறி, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஒப்புதல் பெற்றது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம். அல்லது ஏதாவது ஒரு விரலில் மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். எல்லா இடத்திலும் 'அல்லது'. முக்கியமாக, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது சட்டம். மூன்று கிராம் வெளிறிய தங்கம் பின்தேதியிட்டுச் சாட்சியானது.

எந்த மோதிரத்தை எடுப்பது என்று நாங்கள் ஒரு வாரம் பேசினோம். வைரத்தை விட மனசில்லாமல் பேசியது நான்தான். இவ்வளவு அழகான கல்லை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு யாராவது "இது யாருது?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பாட்டியின் மோதிரத்தைக் கேட்டால் சொல்ல ஒரு மணி நேரம் வேண்டும்.

பழைய மோதிரம் தேடும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். காரட், பட்டை, நிறம் எல்லாவற்றையும் பரிசோதனைக் கூடம் பார்த்துச் சொல்லும்; ஹால்மார்க் மையத்தில் பழைய நகையையும் சோதித்துத் தருவார்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டு பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். விலை போகாதது, நிறம் மங்கியது, யாரும் அழிக்க மெனக்கெடாதது ஏதாவது இருக்கும். அதைப் போட்டவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மோதிரம் என் விரலுக்குச் சிறிது. அளவு கூட்ட ஒரு துண்டு சேர்க்க வேண்டும். மயிலாப்பூர்ப் பத்தர் எடுத்துப் பார்த்துவிட்டு, "பதினாலாச்சே இது! இந்த நிறத்துக்குச் சரியா வராதும்மா. ஒட்டின எடம் தெரியும். பேசாம அழிச்சு இருபத்திரண்டுல புதுசா பண்ணித் தரட்டுமா?" என்றார். ஒட்டின இடம் தெரிந்தால் பரவாயில்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். கணக்குப்படி 2065-இல்தான் அது ஆன்டிக். அதுவரை யாரும் அதை அழிச்சுப் பண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.