கொங்கு நாட்டில் எஸ்பிரசோ

கோவை வட்டாரத்தில் எஸ்பிரசோ என்ற சொல் இரண்டு காப்பிகளைக் குறிக்கிறது. கல்யாண மண்டபத்தில் புஸ்ஸென்று ஆவி விட்டு, நுரை ததும்ப, மேலே சாக்லேட் தூள் தூவித் தருவது ஒன்று. இத்தாலியர் அதே பெயரில் குடிக்கும் முப்பது மில்லி கறுப்புச் சாறு மற்றொன்று. அண்மையில் சில வீடுகளின் சமையல் மேடைக்கு வந்திருக்கும் விலையுயர்ந்த இயந்திரம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதை வாங்கியவர் முதல் வாரத்தில் படும் பாட்டுக்கு, இந்த ஊர் நாக்கு காப்பியைப் பழகிக்கொண்ட விதமே பெரும்பாலும் காரணம்.

காப்பிச் செடி இந்தப் பக்கத்து மலைகளுக்குப் பழையது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் அதை அறிமுகப்படுத்தினார். ஆனைமலையில் வால்பாறைப் பக்கமும் 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. பிறகு தேயிலை வந்து பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் 1861இல் தொடங்கிய தொழில், காப்பிக்கொட்டையைக் காயவைத்துத் தோல் நீக்கித் தரம் பிரிப்பதுதான். அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பஞ்சாலை வந்தது 1888இல். ஆலை நகரம் என்று பேரெடுத்த ஊரில் பஞ்சாலைக்கு முன்பே காப்பிக்கொட்டை மூட்டை மூட்டையாகக் கிடந்தது என்பது இன்று பலருக்கு நினைவில்லை.

கொட்டை ஊர் வழியாகப் போனதே தவிர, அன்றைய ஊர் அதைக் குடிக்கவில்லை. குடியானவர் வீட்டுக் காலை, நீராகாரத்திலும் கம்மங்கூழிலும் விடிந்தது. சளி பிடித்தால் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்க வைப்பார்கள். காப்பிக்கொட்டை ஒன்றுகூடச் சேராத அதற்கும் சுக்குக் காப்பி என்றே பெயர் நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டில் காப்பி கிளப்புகள் பெருகியபோது பழக்கம் மாறியது. பாலில்லாத வரக்காப்பி தோட்டத்து வீடுகளுக்குள் நுழைந்தது. டவுன் வீடுகளில் பித்தளை ஃபில்டர் வந்து உட்கார்ந்தது.

ஃபில்டரில் ஓடும் உறுப்பு எதுவும் கிடையாது. மேல் பாத்திரத்தில் தூளைக் கொட்டி, குடைத் தட்டால் இலேசாக அழுத்தி, கொதிநீரை ஊற்றினால், தன் எடையாலேயே நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். முதல் டிக்காஷனுக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். தூளில் கலந்த சிக்கரி நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கூட்டும். அதைக் கொதிக்கும் பாலில் விட்டு, டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே உயர்த்தி ஆற்றினால் நுரை எழும். உதடு சுடும் சூடு, பால், இனிப்பு, சிக்கரியின் கனம்: நல்ல காப்பிக்கு இங்கே எழுதாத இலக்கணம் இவ்வளவுதான்.

இதற்கிடையே இன்ஸ்டன்ட் தூள் பரவியது. அதை விற்ற புரூக்பாண்ட் நிறுவனத்தின் நினைவாக, கோவையில் புரூக்பாண்ட் ரோடு என்ற பெயர் இன்னும் வாயில் புழங்குகிறது. மண்டப எஸ்பிரசோ இந்தத் தூளை நம்பிப் பிறந்த பானம். பளபளக்கும் பாய்லர், அழுத்தமானி, நீண்ட ஆவிக்குழாய் எல்லாம் அதில் உண்டு; காப்பித்தூளிலிருந்து சாறு பிழியும் வேலை மட்டும் கிடையாது. பால், சர்க்கரை, இன்ஸ்டன்ட் தூள் மூன்றையும் ஆவி சூடாக்கி நுரைக்க வைக்கிறது. பெயரை வைத்துக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் மிலான் நகரத்து லூயிஜி பெசேரா 1901இல் காப்புரிமை கோரிய இயந்திரமும் ஆவியின் அழுத்தத்தை நம்பித்தான் ஓடியது; அந்த உறவை மறுக்க முடியாது.

இன்றைய எஸ்பிரசோவுக்கு ஆவி போதாது. அக்கில்லே கஜ்ஜா என்ற மிலான்காரர் 1940களில் நெம்புகோலும் பிஸ்டனும் கொண்டு வெந்நீரை உயர் அழுத்தத்தில் தூளுக்குள் செலுத்தினார். காப்பியின் மேல் பொன்னிற நுரைப்படலம் அப்போதுதான் தோன்றியது. 1961இல் ஃபேமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் கைநெம்புகோலுக்குப் பதில் மின்பம்பை வைத்தது. சுமார் ஒன்பது பார் அழுத்தம், 18 கிராம் தூள், 25 முதல் 30 வினாடி என்ற வழக்கம் இந்த வழியில் வந்தது.

வீட்டு இயந்திரத்துக்கு நல்ல கொட்டையும் வேண்டும். 1942இல் அமைந்த காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே விளைச்சலைக் கொடுத்தாக வேண்டிய முறை, 1990களின் நடுவில் முடிவுக்கு வந்தது. அதன்பிறகே தோட்டத்தின் பெயரும் வறுத்த தேதியும் அச்சிட்ட பொட்டலங்கள் பெருக வழி பிறந்தது.

அரிசி மாவுக்கு 1955இல் கிரைண்டர் கண்ட ஊர், பம்புகளுக்குப் பெயர்போன ஊர் என்பதால் கோவைக்காரருக்கு இயந்திரத்தின் உள்ளே பார்க்கத் தயக்கமில்லை. அவரைத் திகைக்க வைப்பது கோப்பைதான். இருபது முப்பது நிமிடம் சூடேறக் காத்திருந்த பிறகு வருவது இரண்டு மடக்கு. தெரிந்த கடையில் அரைத்த ஃபில்டர் தூளைப் போட்டால், அரைப்பு கொரகொரப்பாக இருப்பதால் நீர் பத்து வினாடியில் பாய்ந்து, சாறு புளிக்கிறது. இயந்திரத்தின் விலையில் பாதிக்குக்கூடத் தனி அரைவை இயந்திரம் வாங்க நேரும் என்பது அப்போதுதான் தெரியவருகிறது. அடுத்த குறை சூடு. இத்தாலிய முறையில் பாலை 60, 65 டிகிரியோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பும் மென்நுரையும் கெடும். டபரா பழகிய வீட்டில் அது ஆறிப்போன காப்பி.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கோவைக்கு அதிர்ஷ்டம். சிறுவாணி நீர் மென்மையானது, பாய்லரில் சுண்ணாம்பு எளிதில் படியாது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத்தண்ணியை நம்பும் பகுதிகளில் வடிகட்டாமல் ஊற்றினால், சில மாதங்களிலேயே குழாய்களில் வெள்ளைப் படிவு கட்டத் தொடங்கும்.