கோப்பியும் தேயிலையும் மலைநாட்டுக் காடும்

ஒரு நாட்டின் காடு குறைவதற்குச் சனப்பெருக்கமே காரணமென்று பலர் எளிதிற் கூறிவிடுவர். ஆயின், எப்பயிரை, எந்நிலத்தில், யார்பொருட்டு விளைவித்தனர் என்பதை ஆராய்ந்தாலன்றி உண்மை புலப்படாது. இலங்கை மலைநாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கண்டியரசு 1815 இல் ஆங்கிலேயர் வசமாவதற்கு முன்னர், மலைநாட்டுக் குடியானவர் பள்ளத்தாக்கில் நெல்லும், மனையைச் சூழ்ந்த தோட்டத்திற் பலாவும் கமுகும், சரிவுகளிற் சேனைப்பயிரும் விளைவித்தனர். வெட்டி எரித்த சேனை நிலத்திற் குரக்கன் முதலியவற்றை ஓரிரு போகம் விதைத்தபின் அதனைப் பல ஆண்டுகள் தரிசாக விடுவது வழக்கம். பற்றைக்காடு மீண்டும் வளர, மண்ணும் வளம்பெறும். தரிசாகக் கிடப்பினும் அந்நிலம் பயிர்முறையின் ஓர் அங்கமே.

இதனை ஆங்கிலேயர் சட்டம் ஏற்கவில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் பயிரிடப்படாத நிலமும், உரிமை நிறுவப்படாவிடின், முடிக்குரியனவேயெனக் கொண்டது. சன்னதோ வரிச் சான்றோ இல்லாதவர் சேனை நிலத்துக்கு உரிமை கோருதல் அரிதாயிற்று. 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்ட நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. சரிவிலுள்ள மரங்களை அரைகுறையாக வெட்டி நிறுத்தி, உச்சி மரங்களை வீழ்த்த, அவை ஏனையவற்றையும் சாய்த்துக்கொண்டு வீழும். பின் தீ மூட்டப்படும். இவ்வாறு விரிந்த கோப்பி 1878 அளவில் ஏறக்குறைய 275,000 ஏக்கரில் நின்றது. சேனை செய்வோனே காட்டை அழிப்பவனெனக் குறைகூறிய ஆட்சியே இப்பேரழிப்புக்கு வழிவகுத்தது.

1869 இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியைப் படிப்படியாக வீழ்த்தியது. 1880 இல் அதனை ஆராய வந்த மார்ஷல் வாட், நோய்விதைகள் காற்றினாற் பரவுதலையும், இடையீடின்றி ஒரே பயிரைச் செறிய நட்டமை அதற்கு உதவியமையையும் எடுத்துக்காட்டினார். காற்றைத் தடுத்திருக்கக்கூடிய காட்டையே தோட்டக்காரர் அழித்திருந்தனர்.

ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலையே மாற்றுப்பயிராயிற்று. அது கைவிடப்பட்ட கோப்பி நிலங்களை நிரப்பியதோடு நில்லாமல், கோப்பி செழிக்காத உயரங்களிலும் தாழ்நிலங்களிலும் புதுக்காடுகளை வெட்டுவித்தது. கோப்பிக்குப் பருவகால உழைப்புப் போதும்; தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆதலின் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தோடு லயன்களில் நிலையாகத் தங்கினர். நிலமிழந்த கிராமத்தவரும், உழைத்தும் நிலமற்றிருந்த தொழிலாளரும் அருகருகே வாழ்ந்தனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் அத்தொழிலாளருட் பெரும்பாலார் நாடற்றோராயினர்.

காடழிவைத் தடுக்க முயற்சியே இல்லையெனல் தகாது. 1873 இல் ஜோசப் ஹூக்கர் கூறிய அறிவுரையையடுத்து, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. ஆறுகள் ஊற்றெடுக்கும் அவ்வுயர்காடுகள் பல எஞ்சியமைக்கு அத்தடை ஒரு காரணமாகும். சிவனொளிபாதமலைக் காடும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன.

எனவே, காட்டின் கதியைக் கோடரி மட்டும் நிருணயிப்பதில்லை. பயிரைத் தெரிபவரும், நிலத்துக்கு உரிமை வகுக்கும் சட்டமும் அதனை முன்னரே நிருணயிக்கின்றனர் என்பது மனங்கொளத்தக்கது.