பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வான்வழித் தூரம் சுமார் 350 கிலோமீட்டர். இன்றைய ஏடிஆர் விமானம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்குகிறது. தூரம் என்றைக்கும் இதேதான். அதைக் கடக்க எங்கள் சனத்துக்குத் தேவைப்பட்ட நேரம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. அதை முடிவு செய்தது அரசியல்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயில் ஏறி, மதவாச்சியில் வண்டி மாறி யாழ்ப்பாணம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அதுவும் நின்றுபோனது.

பலாலி ஓடுபாதையை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம், 'சீதாதேவி' என்று பெயர் சூட்டிய டகோட்டா, இரத்மலானையில் புறப்பட்டு இங்கே இறங்கி மெட்ராஸுக்குப் போனது. இலங்கை சுதந்திரம் பெறும் முன்பே அதன் முதல் விமானத் தடத்தில் யாழ்ப்பாணம் இருந்தது. இதை நான் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

என் பெரியம்மாவின் கல்யாணக் கூறை எழுபதுகளில் திருச்சியில் எடுத்தது. பலாலியிலிருந்து ஏர் சிலோனில் பறந்துபோய் வாங்கிவந்தார்கள். "வெளிக்கிட்டதும் தெரியேல்லை, இறங்கினதும் தெரியேல்லை" என்பார். 1990இல் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர் தூக்கிக்கொண்டு ஓடிய பையில் காணி உறுதியோடு அந்த அரக்கு நிறக் கூறையும் இருந்தது. பலாலி அதற்குள் முழு இராணுவத் தளமாகிவிட்டது.

அதன்பின் சென்னைக்குப் போக வேண்டுமானால் முதலில் தெற்கே 400 கிலோமீட்டர் போய்க் கொழும்பை அடைய வேண்டும். பிறகு வடக்கே பறக்க வேண்டும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடிக்கிடந்த காலங்களில் கொழும்புக்குப் போவதே பெரும்பாடு. சென்னையில் செத்த வீடு என்று சேதி வந்தால், போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் இரண்டு மரணங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி மறுபடி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது. அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வழக்கமான சேவையைத் தொடங்கியது. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. கோடியக்கரைப் பக்கம் நிலம் முடிந்தால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் கடல். அடுத்து வலிகாமத்துச் செம்மண்ணும் பனைகளும் தெரிகின்றன. சன்னலோரம் இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பதை ஒவ்வொரு முறையும் கவனிக்கிறேன்.

ஓடுபாதையைச் சுற்றியுள்ள காணிகளின் சொந்தக்காரர்களில் பலர் இன்னமும் வீடு திரும்பவில்லை. பலாலி வளரட்டும், பெரிய விமானங்களும் இறங்கட்டும். அதோடு அந்தக் காணிகளுக்கும் நியாயமான தீர்வு வரவேண்டும். இரண்டு அரசுகளும் எந்தக் காரணத்துக்காகவும் இந்தத் தடத்தை இன்னொரு முறை மூடிவிடக் கூடாது.