புறாத்தபால் முதல் செய்மதி வரை: இலங்கைத் தொலைத்தொடர்பின் நேற்றும் நாளையும்

இலங்கையின் தொலைத்தொடர்பு வரலாற்றைப் புறாக்களிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய அஞ்சற் கப்பல்கள் காலித் துறைமுகத்திலேயே தரித்தன. கோப்பி வணிகரும் பத்திரிகைகளும் இருந்ததோ கொழும்பில். லண்டன் சந்தை நிலவரம் ஏறத்தாழ 72 மைல் தூரத்தைத் தரைவழியாகக் கடந்து வருமுன் அதன் பயன் பாதி போய்விடும். ஆகவே, 1850இல் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை இவ்விரு நகரங்களுக்குமிடையே புறாத்தபால் ஒன்றை நடத்தலாயிற்று. 1858இல் இதே வழியில் இத்தீவின் முதலாவது தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்கள் ஓய்வு பெற்றன. கருவி மாறிற்றேயன்றி, செய்திக்கு உரியவர் மாறவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தொலைபேசியும் வணிகத்தின் பின்னாலேயே வந்தது. 1880இல் கொழும்பில் அதனைத் தொடக்கி வைத்தது ஒரு தனியார் கம்பனி. 1896இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. தனியார்மயம் என்பது அண்மைக்காலப் புதுமை என எண்ணுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். வெளிநாட்டுத் தொடர்போ, சுதந்திரம் கிடைத்து மூன்றாண்டுகள் கழிந்து 1951இலேயே பிரித்தானியாவின் 'கேபிள் அன்ட் வயர்லஸ்' நிறுவனத்திடமிருந்து இந்நாட்டரசின் கைக்கு வந்தது.

இடையில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக விளங்கிய எட்வேட் ஹாப்பர் என்பார், 1923இல் மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டு இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். அவர் பயன்படுத்திய ஒலிபரப்பி, முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளைக்கொண்டு திணைக்களப் பொறியியலாளரே அமைத்தது. 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. பின்னாளிற் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தமிழரும் விரும்பிக் கேட்ட வானொலிக்கு மூலம் இவ்வறையே. அரசாங்க அலுவலகம் சோம்பலின் உறைவிடம் என்னும் வழக்குரைக்கு இது தக்க மறுப்பு எனலாம்.

பிற்பட்ட செய்திகளைச் சுருங்கக் கூறலாம். 1976இல் பாதுக்கையிற் செய்மதித் தரைநிலையம் அமைந்தது. 1980இல் தபாலும் தொலைத்தொடர்பும் வெவ்வேறு திணைக்களங்களாயின. 1989இல் தென்னாசியாவிலேயே முதன்முதலாக இங்கு கையடக்கத் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் திணைக்களத்தைக் கூட்டுத்தாபனமாக்கிற்று. 1997இல் அதன் வழிவந்த கம்பனியின் பங்குகளில் நூற்றுக்கு 35 யப்பானின் 'என்.ரி.ரி.' நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. போட்டி பெருக, தொலைபேசிக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த நிலை நீங்கியது. இது மறுக்கவியலாத பேறு.

ஆயின் இவ்வெற்றிக் கதை நாடு முழுவதற்கும் உரியதன்று. கொழும்பில் கையடக்கத் தொலைபேசி பெருகிய தொண்ணூறுகளின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்திற் போரினால் சாதாரணத் தொலைபேசியே இயங்கவில்லை. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே கையடக்கத் தொலைபேசி அங்கு சென்றது. பிள்ளை உயிரோடிருக்கின்றானா என்பதை அறியக் கடிதத்துக்காகக் காத்திருந்த தாய்மாருக்குத் தென்னாசியாவில் முதலிடம் என்னும் பெருமையால் ஆவதென்ன?

எதிர்காலத்தை நோக்குமிடத்து இரு வினாக்கள் எழுகின்றன. ஒன்று, வழிகளின் தொகை. 2004 ஆகஸ்ட் மாதத்திற் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே இந்தியக் கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியபோது நாட்டின் இணையத் தொடர்பு பெரிதும் தடைப்பட்டது. பின்னர் வேறு வடங்கள் வந்தன. மாத்தறையிலும் ஒன்று கரையேறியது. மற்றையது, வழியை அடைக்கும் அதிகாரம். 2018, 2019, 2022ஆம் ஆண்டுகளிற் சமூக ஊடகங்கள் அரசாணையால் முடக்கப்பட்டன. கலவரத்தை அடக்கவென முதலிரு தடவைகளும் கூறப்பட்டது. மூன்றாம் முறை மக்கள் வீதிக்கிறங்கியிருந்தனர். நங்கூரம் அறுத்ததைச் சில நாட்களிற் பொருத்தலாம். ஆணைக்கு எல்லை வகுக்கச் சட்டமே வேண்டும்.

2025 ஜூலையில் 'ஸ்டார்லிங்க்' செய்மதிச் சேவை இங்கு தொடங்கியுள்ளது. வானிலிருந்து நேரே வீட்டுக்கூரைக்கு வரும் இவ்விணைப்புக்குக் காலியும் வேண்டியதில்லை, மாத்தறையும் வேண்டியதில்லை. எனினும் அதன் ஆளி அந்நியக் கம்பனியொன்றின் கையிலுள்ளது. 1951க்கு முன்னிருந்த வடங்களின் ஆளியைப் போலவே.